எழுவாய் இல்லாத வாக்கியங்கள்



நீண்ட இடைவெளிக்குப் பிறகு எழுதுகிறேன். பள்ளி விடுமுறை கிட்டியிருப்பது ஒரு காரணம். ஒரு சொற்றொடர் மனத்தை விட்டு அகலாமல் உறுத்திக்கொண்டிருப்பது மற்றொரு காரணம். தலைப்பைப் பார்த்து இலக்கணப் பாடம் என்று எண்ணிவிட வேண்டா. இது கொலையைப் பற்றிய பதிவு. ஆயினும் இடையிடையே இலக்கணமும் வரும். தமிழ் கற்பிப்பவனை விட்டு அது எங்கே போகும்!

2025 ஜூலை 27-ஆம் நாள் திருநெல்வேலியில் கவின் என்னும் மென்பொருள் பொறியாளர் வெட்டிக் கொல்லப்பட்டார். வேற்றுச் சாதிப் பெண்ணை விரும்பினார் என்பது செய்தி. அது எங்கள் சிம்பாங் அம்பாட் வட்டாரப் பெற்றோர் புலனக் குழுவுக்கும் வந்து சேர்ந்தது. பலர் வருந்தி எழுதினர். அவர்களுக்கிடையே ஒரு தந்தை எழுதினார்: “கொலை தப்புதான். ஆனா பெத்தவங்க வயிறு எரிஞ்சா இப்படித்தான் ஆகும்.” அதன் கீழே உயர்த்திய கட்டைவிரல்கள் சில. அந்தத் தந்தையை எனக்கு நன்கு தெரியும். பள்ளியில் கோத்தோங் ரோயோங் என்றால் மண்வெட்டியோடு முதல் ஆளாக வந்து நிற்பவர். பிள்ளைகள்மீது உயிரையே வைத்திருப்பவர். ஆகவேதான் அவ்வாக்கியம் என்னை உறுத்தியது. தீயவர் ஒருவர் எழுதியிருந்தால் கடந்து போயிருப்பேன்.

‘இப்படித்தான் ஆகும்’ என்னும் தொடரில் எழுவாய் எது? யார் ஆக்குகிறார்? மழை பெய்தால் கம்பத்துச் சாலையில் வெள்ளம் ஏறுவதைப்போல, அரிவாள் தானே எழுந்து தானே இறங்குகிறதா?

அவ்வழக்கைப் பற்றி நான் மேலும் எழுதப்போவதில்லை. நீதிமன்றம் தீர்ப்பளித்து முடித்த வழக்குகளையே எடுத்துக்கொள்கிறேன். கொலைக் குற்றம் மெய்ப்பிக்கப்பட்ட மனிதர்கள் தங்கள் செயலைத் தங்களுக்கே எப்படி நியாயப்படுத்திக்கொள்கிறார்கள் என்பதுதான் என் கேள்வி. கொலைகாரனுக்கு அறவுணர்வே கிடையாது என்று நம்மிற் பலர் எண்ணுகிறோம். அப்படி எண்ணுவது நமக்கு வசதியாகவும் இருக்கிறது. அவன் வேறு இனம், நாம் வேறு இனம் என்றாகிவிடுகிறதன்றோ? உண்மை அதற்கு நேர்மாறானது. அறத்தைப் பற்றி அவர்கள் நிறையவே பேசுகிறார்கள். மானம், கடமை, குடும்பம், நன்றி, நாடு என எல்லாம் நாம் வகுப்பில் கற்பிக்கும் சொற்களே.

1957-ஆம் ஆண்டில் கிரெஷாம் சைக்ஸ், டேவிட் மாட்சா என்னும் இரு அமெரிக்கச் சமூகவியலாளர்கள் இளங்குற்றவாளிகளைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். குற்றம் புரியும் இளையோர் சமுதாயத்தின் நெறியை அறவே மறுப்பவர்கள் அல்லர். அதை ஏற்றுக்கொண்டே, தமக்கு மட்டும் ஒரு விலக்குத் தேடிக்கொள்கிறார்கள் என்பது அவர்கள் கண்டது. அந்த விலக்குகளை ஐந்து வகையாக அவர்கள் பிரித்தார்கள். நான் முதன்முதலில் அதைப் படித்தபோது சிரித்துவிட்டேன். ஐந்தையும் ஓய்வு நேர மணி அடித்த பத்து நிமிடங்களில் எங்கள் பள்ளிச் சிற்றுண்டிச்சாலை வாசலில் கேட்டுவிடலாம். “நான் ஒன்னும் செய்யல, அவன்தான் என்னைத் தள்ளிவிட்டான்.” “அவனுக்கு ஒன்னும் வலிக்கல, ஐயா.” “அவன் அப்படிப்பட்டவன், அவனுக்கு வேணும்.” “நீங்க மட்டும் போன வாரம் அவனை அடிக்கலையா?” “என் கூட்டாளிக்காக அடிச்சேன்.” பொறுப்பை மறுத்தல், தீங்கை மறுத்தல், பாதிக்கப்பட்டவனையே குற்றவாளியாக்குதல், தட்டிக்கேட்பவரைத் திருப்பித் தாக்குதல், உயர்ந்த ஒன்றன் பெயரால் பேசுதல். எட்டு வயதுப் பிள்ளை எவரிடமும் பாடம் கேட்காமலே இவ்வைந்தையும் கைவரப் பெற்றிருக்கிறது.

பின்னாளில் உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூரா இதையே விரித்துரைத்தார். ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் பயின்ற எவரும் பண்டூராவை மறந்திருக்க முடியாது. பெரியவர் பொம்மையை அடிப்பதைப் பார்த்த குழந்தை தானும் பொம்மையை அடித்த அந்தப் போபோ பொம்மை ஆய்வைத் தேர்வுக்காக நாம் மனப்பாடம் செய்தோம். அவர் பிற்காலத்தில் எழுதியதை நமக்கு யாரும் கற்பிக்கவில்லை. மனிதன் தன் மனச்சான்றைக் கொன்றுவிடுவதில்லை. வேண்டியபோது அதன் இணைப்பைக் கழற்றி வைக்கிறான் என்பதே அவர் கருத்து. செயலுக்கு மென்மையான பெயர் சூட்டுவது, பொறுப்பைப் பலர்மீது பரப்பிவிடுவது, எதிரில் நிற்பவனை மனிதனல்லன் என்று கருதுவது ஆகியன அதற்குரிய வழிகள்.

தமிழகத்தின் இரண்டு வழக்குகளைப் பார்ப்போம்.

முதலாவது கண்ணகி, முருகேசன் வழக்கு. விருத்தாசலத்தை அடுத்த ஊரைச் சேர்ந்தவர்கள். முருகேசன் தலித் சமூகத்தவர். வேதிப் பொறியியல் பட்டதாரி. கண்ணகி வன்னியர் சமூகத்தவர். தந்தையார் ஊராட்சித் தலைவர். 2003 மே மாதத்தில் இருவரும் பதிவுத் திருமணம் செய்துகொண்டார்கள். அவ்வாண்டு ஜூலையில் பிடித்து வரப்பட்டு, ஊரார் பார்த்திருக்க நஞ்சு ஊற்றிக் கொல்லப்பட்டார்கள், உடல்கள் எரிக்கப்பட்டன. உள்ளூர்க் காவல்துறை முருகேசனின் உறவினர்களையும் குற்றவாளிப் பட்டியலில் சேர்த்தது. பின்னர் நடுவண் புலனாய்வுத் துறை வழக்கை ஏற்றது. 2021 செப்டம்பரில், பதினெட்டு ஆண்டுகள் கழித்து, கடலூர் நீதிமன்றம் 13 பேரைக் குற்றவாளிகள் என்றது. கண்ணகியின் அண்ணன் மருதுபாண்டியனுக்கு மரண தண்டனை. தந்தைக்கும் பிறர்க்கும் ஆயுள். தண்டிக்கப்பட்டோருள் காவல் அதிகாரிகள் இருவரும் அடங்குவர். அடுத்த ஆண்டு உயர் நீதிமன்றம் மரண தண்டனையை ஆயுளாகக் குறைத்தது. 2025 ஏப்ரலில் இந்திய உச்ச நீதிமன்றம் தண்டனையை உறுதி செய்தபோது, மானமற்ற இச்செயலுக்கு மானக்கொலை என்று பெயர் வழங்குவதன் முரணையும் சுட்டிக்காட்டியது.

இந்த வழக்கில் என்னை மிகவும் உறுத்துவது கூட்டம். ஓர் ஊர் பார்த்துக்கொண்டிருந்தது. தனி ஒருவன் நஞ்சுக் குவளையை ஏந்தும்போது கை நடுங்கக்கூடும். ஊர் சுற்றி நின்றால் நடுக்கம் நின்றுவிடுகிறது. ‘நான் கொன்றேன்’ என்னும் வாக்கியம் ‘ஊர் முடிவு செய்தது’ என்று மாறிவிடுகிறது. எழுவாய் ஒருமையாக இருக்கும்வரை சுமை கனக்கிறது. பன்மையானதும் யார் தோளிலும் அது இல்லை. நம் வகுப்பில் ஒரு மாணவனைச் சுற்றி நின்று ஆறேழு பேர் கேலி செய்யும்போது ‘யார் செய்தது?’ என்று கேட்டுப் பாருங்கள். “எல்லாரும்தான், ஐயா” என்று விடை வரும்.

இரண்டாவது வழக்கு சேலத்துப் பொறியியல் பட்டதாரி கோகுல்ராஜுடையது. 2015 ஜூன் 23 அன்று திருச்செங்கோடு அர்த்தநாரீசுவரர் கோயிலில் தம்முடன் படித்த பெண்ணோடு பேசிக்கொண்டிருந்தவர் கடத்திச் செல்லப்பட்டார். மறுநாள் பள்ளிப்பாளையம் அருகே இருப்புப்பாதையில் தலை துண்டிக்கப்பட்ட உடலாகக் கிடைத்தார். சாதி அமைப்பொன்றின் தலைவரான யுவராஜ் பல வாரங்கள் தலைமறைவாக இருந்துகொண்டே குரல் பதிவுகளை வாட்ஸ்அப்பில் வெளியிட்டுக்கொண்டிருந்தார். அவ்வாண்டு அக்டோபரில் சரணடைந்தார். 2022 மார்ச்சில் மதுரைச் சிறப்பு நீதிமன்றம் அவரையும் மேலும் ஒன்பது பேரையும் தண்டித்தது. யுவராஜுக்கு வாழ்நாள் இறுதிவரை சிறை. 2023 ஜூனில் உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது.

இவ்வழக்கின் ஒரு கூற்றை நான் எளிதில் கடக்க முடியவில்லை. கொல்லும் முன்னர், தற்கொலை செய்துகொள்வதாகக் கோகுல்ராஜையே பேச வைத்துக் காணொளி எடுத்தார்கள். தற்கொலைக் கடிதமும் எழுத வைத்தார்கள். அதாவது, ‘நாங்கள் கொல்கிறோம்’ என்ற வாக்கியத்தைக் கொல்லப்படப்போகிறவன் வாயிலிருந்தே ‘நான் சாகிறேன்’ என்று சொல்ல வைத்தார்கள். நம் இலக்கணத்தில் தோன்றா எழுவாய் என்று ஒன்று உண்டு. வாக்கியத்தில் வெளிப்படாவிட்டாலும் வினைமுற்றே அதைக் காட்டிக்கொடுத்துவிடும். இங்கே நடந்தது அதனினும் கொடியது. எழுவாய் மறைந்திருக்கவில்லை, திருடப்பட்டு, பாதிக்கப்பட்டவன் தலையில் கட்டப்பட்டது. அது சட்டத்தை ஏமாற்றும் தந்திரம் மட்டும்தானா? அவர்களுக்கே அப்படி ஒரு பொய் தேவைப்பட்டிருக்குமோ என்றும் நான் எண்ணுவதுண்டு.

இவ்விடத்தில் ஒரு நற்செய்தியையும் சொல்லவேண்டும். தமிழில் முன்பு இத்தகைய கொலைகளைக் கௌரவக் கொலை என்றே எழுதினோம். இன்று தமிழக ஏடுகளும் இயக்கங்களும் ஆணவக் கொலை என்று எழுதுகின்றன. பெயர் மாறினால் என்ன வந்துவிடும் என்று கேட்பவர்கள் உண்டு. கௌரவம் என்றால் கொலைகாரனுக்கு ஏதோ ஒன்றைக் காத்த பெருமை போகிறது; ஆணவம் என்றால் அவனுடைய குணமே சுட்டப்படுகிறது. ஒரு சொல்லை மாற்றியதன் வழி அவனுக்கு நாம் கடனாகக் கொடுத்திருந்த நியாயத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டோம். நம் மலேசிய நாளேடுகளில் இன்னும் சில வேளைகளில் பழைய சொல்லைப் பார்க்கிறேன்.

சாதிக்காகக் கொல்பவர்கள் மட்டும்தானா இப்படி? காந்தியடிகளைச் சுட்ட நாதுராம் கோட்சே 1948 நவம்பரில் நீதிமன்றத்தில் நீண்டதோர் அறிக்கையை வாசித்தான். அதில் நாடு வருகிறது, கடமை வருகிறது. சுடுவதற்கு முன் காந்தியை அவன் வணங்கியதும் பதிவாகியுள்ளது. வணக்கமும் தோட்டாவும் ஒரே கையிலிருந்து! 2011 ஜூலை 22 அன்று நார்வேயில் 77 பேரைக் கொன்ற பிரெய்விக், தன் நாட்டைக் காக்கும் கட்டாயத்தில் செய்தேன் என்றான். ஊத்தோயா தீவின் இளையோர் முகாமில் மட்டும் அவனால் இறந்தவர் 69 பேர். சென்னையில் ஆறு கொலைகளுக்காக 1995 ஏப்ரலில் சேலம் சிறையில் தூக்கிலிடப்பட்ட ஆட்டோ சங்கரோ நாட்டுக்காக என்றெல்லாம் பேசவில்லை. திரைப்படங்களே தன்னைக் கெடுத்தன என்றான். சிறையில் எழுதிய தன்வரலாற்றில், உயர் அதிகாரிகள் பலர் தன்னோடு கொண்டிருந்த உறவை எழுதினான். அதை நக்கீரன் இதழ் வெளியிடுவது குறித்தான வழக்கு 1994-இல் உச்ச நீதிமன்றம்வரை சென்றது. அவன் சொன்னவை உண்மையாகவே இருந்திருக்கலாம். ஆனால் அதிகாரிகள் கறைபட்டவர்கள் என்பதால் கொல்லப்பட்ட ஆறு பேரின் கணக்கு குறைந்துவிடுமா? “நீங்க மட்டும் போன வாரம் அவனை அடிக்கலையா?” என்னும் சிற்றுண்டிச்சாலைக் குரல் மீண்டும் கேட்கிறது.

காரணம் சொல்பவர் எல்லாரும் பொய்யர் என்று நான் கூறவரவில்லை. கிரண்ஜித் அலுவாலியா என்ற பஞ்சாபிப் பெண் பத்தாண்டுகள் கணவனிடம் அடியும் சூடும் பட்டவர். 1989-இல் இங்கிலாந்தில் அவர் உறங்கும் கணவன்மீது தீ வைத்தார், கணவன் இறந்தான். கொலைக்குற்றத்துக்காக ஆயுள் தண்டனை பெற்றார். 1992-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அத்தீர்ப்பைத் தள்ளுபடி செய்தது, அவ்வாண்டே விடுதலையானார். அவர் வாழ்க்கையைப் படிப்பவர் எவரும் அவரைக் கல்லெறிய மாட்டார். நம் நாட்டுத் தண்டனைச் சட்டமும் கடுமையான, திடீரெனச் சினமூட்டப்பட்ட நிலையில் நிகழும் சாவைக் கொலையினின்று வேறுபடுத்தியே பார்க்கிறது. ‘ஏன் நடந்தது’ என்று விளக்குவது ஒன்று. ‘நடந்தது சரி’ என்று நிறுவுவது மற்றொன்று. முதலாவதைக் கேட்க நமக்குப் பொறுமை வேண்டும். இரண்டாவதுக்குக் கட்டைவிரலை உயர்த்தாமலிருக்க வேண்டும். இரண்டுக்கும் இடையே உள்ள கோடு எப்போதும் தெளிவாகத் தெரிவதில்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

நம் ஊர்க்கதைக்கு வருவோம். 2013-இல் உள்துறை அமைச்சு 49 குண்டர் கும்பல்களைச் சட்டவிரோதமானவை என அறிவித்தது. அப்போது வெளியான கணக்கில் உறுப்பினர் 40,000-க்கும் மேற்பட்டோர். அவர்களில் ஏறத்தாழ பத்தில் ஏழு பேர் இந்தியர். இந்நாட்டு மக்கள்தொகையில் நாம் நூற்றுக்கு ஏழு பேர்கூட இல்லை. அவர்களுள் எத்தனை பேர் தமிழ்ப்பள்ளியில் நன்னெறிக் கல்வி படித்தவர்கள்? எண்ணிப் பார்க்கவே அச்சமாக இருக்கிறது.

என்னிடம் படித்த ஒருவனும் இன்று சிறையில் இருக்கிறான். இரவு நேரக் கைகலப்பு, பாராங் கத்தி, ஓர் உயிர். தோட்டத்து லயத்திலிருந்து பட்டணத்து மலிவுவிலை வீட்டுக்குக் குடிபெயர்ந்த குடும்பம். கோயில் திருவிழாவில் அவன் தாயாரைச் சந்தித்தேன். “கூட்டாளிங்க கெடுத்துட்டாங்க, ஐயா. என் பிள்ளை நல்ல பிள்ளை. உங்களுக்குத் தெரியாதா?” என்றார். தெரியும். உண்மையிலேயே நல்ல பிள்ளைதான். கரும்பலகையைத் துடைக்க ஓடி வருவான். வாய்ப்புக் கிடைத்தபோது சிறையில் அவனைப் பார்த்தேன். என் முகத்தைப் பார்க்காமல் அவன் சொன்னது இவ்வளவுதான்: “முறைச்சான், ஐயா. அண்ணனை வேற பேசினான். கோபம் வந்துருச்சு. நடந்துபோச்சு.” அந்த அண்ணன் உடன்பிறந்தவன் அல்லன் என்பது உங்களுக்குச் சொல்லாமலே விளங்கும்.

அந்த நான்கு வாக்கியங்களையும் வீடு திரும்பும் வழியெல்லாம், சிம்பாங் அம்பாட் டோல் சாவடியைத் தாண்டும்வரை மனத்தில் உருட்டிக்கொண்டே வந்தேன். முதல் இரண்டிலும் எழுவாய் இறந்தவன். மூன்றாவதில் எழுவாய் கோபம். தமிழில் நாம் கோபப்பட்டேன் என்பதைவிடக் கோபம் வந்தது என்பதையே மிகுதியாகச் சொல்கிறோம். ஏதோ விருந்தாளி போல அது வெளியிலிருந்து வருகிறது. நான்காவதில் எழுவாயே இல்லை. ‘நான்’ என்னும் சொல் அவன் வாயிலிருந்து ஒருமுறையும் வரவில்லை. படிநிலை இரண்டில் செய்வினை, செயப்பாட்டுவினை, தன்வினை, பிறவினை எல்லாம் அவனுக்குக் கற்பித்தவன் நான்தான். ‘கண்ணாடி உடைந்தது’ என்பதும் ‘நான் கண்ணாடியை உடைத்தேன்’ என்பதும் வெவ்வேறு வாக்கியங்கள் என்று புள்ளிக்காகச் சொல்லிக்கொடுத்தேன். வாழ்க்கைக்காகச் சொல்லிக்கொடுத்ததாக நினைவில்லை.

இதை எழுதும் எனக்கு என்ன யோக்கியதை என்று கேட்கலாம். பணியில் சேர்ந்த தொடக்க ஆண்டுகளில், வேறொரு பள்ளியில், நான்காம் ஆண்டு மாணவன் ஒருவனை உள்ளங்கையிலும் காலிலும் ரோத்தானால் அடித்தேன். மாணவரைப் பிரம்பால் அடிக்கும் அதிகாரம் தலைமையாசிரியருக்கும் அவர் அனுமதி பெற்றவர்க்குமே உரியது. எனக்கு அந்த அனுமதி இல்லை. இல்லை என்பதும் தெரியும். அவன் என்னை எதிர்த்துப் பேசியதால் முப்பது பிள்ளைகளின் முன்னால் எனக்கு ஏற்பட்ட அவமானம்தான் உண்மையான காரணம். (மானம்! மீண்டும் அதே சொல்.) மறுநாள் அவன் தாயார் வந்தபோது, “உங்க பிள்ளை நல்லா வரணும்னுதான்” என்றேன். அவரும் தலையசைத்தார். கட்டொழுங்குப் பதிவேட்டில் மலாய்மொழியில் ஒரு வரி எழுதினேன். அதன் பொருள்: ‘மாணவன் தண்டிக்கப்பட்டான்.’ அருமையான செயப்பாட்டுவினை. யாரால் தண்டிக்கப்பட்டான் என்று அதில் இல்லை, தலைமையாசிரியரும் கேட்கவில்லை. அடித்ததையும் கொலையையும் ஒரே தராசில் நிறுத்துவதாக எண்ணவேண்டா. தராசு வேறு, ஆனால் வாக்கியம் ஒன்றுதான்.

சிலப்பதிகாரத்தில் பாண்டியன் நெடுஞ்செழியனுக்கு நியாயங்கள் ஏராளம் இருந்தன. பொற்கொல்லன் பொய் சொன்னான். கொன்றவன் காவலன். போதாததற்கு, அந்நேரம் ஊழ்வினை முதிர்ந்துவிட்டது என்று இளங்கோவடிகளே ஒரு காரணத்தை எடுத்துக் கொடுக்கிறார். கண்ணகியின் சிலம்பு உடைந்து மாணிக்கப் பரல் தெறித்தபோது அம்மன்னன் இவற்றுள் ஒன்றையும் கையில் எடுக்கவில்லை. குற்றம் செய்தவன் தானே என்று சொல்லி உயிர்விட்டான். நாம் இக்கதையைக் கண்ணகியின் கற்புக்காகவே ஆண்டாண்டாகப் பிள்ளைகளுக்குச் சொல்லி வருகிறோம். அரியணையில் இருந்த ஒருவன் எழுவாயை ஒளிக்கவில்லை என்பதற்காக ஒருமுறை சொல்லிப் பார்த்தால் என்ன?

2023 ஜூலை 4 முதல் நம் நாட்டில் கட்டாய மரண தண்டனை இல்லை. கொலைக்கு மரணம் அல்லது 30 முதல் 40 ஆண்டுகள் சிறை என்று நீதிபதி தேர்ந்து முடிவு செய்யலாம். அதற்கு முன் மரண தண்டனை பெற்றிருந்தவர்கள் கூட்டரசு நீதிமன்றத்தில் மறு ஆய்வு கோரவும் வழி பிறந்தது. இதன் பொருள், இருபது வயதில் கொன்றவன் ஐம்பது வயதில் வெளியே வரக்கூடும். அந்த முப்பது ஆண்டுகளும் அவன் தனக்குத்தானே எந்த வாக்கியத்தைச் சொல்லிக்கொண்டிருப்பான் என்பது அவனோடு மட்டும் முடிந்துபோகும் செய்தி அன்று.

ஆகையால், பெற்றோர்களே, பிள்ளை தம்பியை அடித்துவிட்டு ஓடிவரும்போது ‘மன்னிப்புக் கேள்’ என்று உடனே விரட்டாதீர்கள். மன்னிப்பு எளிதாக வந்துவிடுகிறது. நானும் பார்த்திருக்கிறேன், அரை நொடியில் “சாரி” சொல்லிவிட்டுத் திரும்பி நின்று சிரிப்பார்கள். நடந்ததைச் சொல்லச் சொல்லுங்கள். அதை நானென்று தொடங்கச் சொல்லுங்கள். புலனக் குழுவில் எழுதிய அந்தத் தந்தைக்கு நான் தனியே அழைத்துப் பேசினேன். கோபித்துக்கொள்ளவில்லை. “நம்ம வீட்டுப் பொண்ணா இருந்தா என்ன செய்வீங்க, ஐயா?” என்று கேட்டார். எனக்கும் ஒரு மகள் இருக்கிறாள் என்பது அவருக்குத் தெரியும். அழுவேன், சண்டை போடுவேன், சில காலம் பேசாமல்கூட இருப்பேன் என்றேன். அவர் சிறிது நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு பேச்சை வேறு பக்கம் திருப்பினார்.

விடுமுறைக்கு முந்திய வாரம் என் வகுப்பில் இரண்டு பையன்கள் அடித்துக்கொண்டார்கள். ஒருவன் உதட்டில் இரத்தம். இருவரையும் தனித்தனி மேசையில் அமர்த்தி, ஆளுக்கு ஒரு தாள் கொடுத்து, ‘நான்’ என்று தொடங்கும் ஐந்து வாக்கியங்கள் எழுதச் சொன்னேன். முதல் இரண்டு விரைவாக வந்தன. மூன்றாவது வாக்கியத்தில் அழிப்பான் தேய்த்துத் தேய்த்துத் தாளில் ஓட்டை விழுந்துவிட்டது. ஒருவன் தலையை நிமிர்த்திக் கேட்டான்:

“ஐயா, அவன் என் அம்மாவைத் திட்டினான்ல, அதை எங்க எழுதுறது?”

“அதை அவன் எழுதுவான்” என்றேன்.

அவன் எதிர் மேசையைப் பார்த்தான். அங்கே மற்றவன் பென்சிலைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். இவன் புதுத்தாள் ஒன்று கேட்டு வாங்கிக்கொண்டான்.